தண்டோராவும் மைக்கும்: ஊனமுற்ற பெண்களின் குரல் பற்றிச் சில விமர்சனக் குறிப்புகள்

சமுதாய வானொலி பற்றி எழுதப்படுகிற எந்தக் கட்டுரையைப் புரட்டினாலும், எந்தத் தொண்டு நிறுவன அறிக்கையை எடுத்தாலும், 'குரலற்றவர்களின் குரல்' என்கிற தொடர் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதில் ஊனமுற்ற பெண் ஒருத்தி கிடைத்துவிட்டால் எழுதுகிறவருக்கு வேலை மிச்சம். ஏழை, கிராமம், பெண், ஊனம், அதற்கும் மேலே தலித் என்று சேர்ந்துவிட்டால் நிதி கொடுக்கிறவர்களின் படிவத்தில் இருக்கிற அத்தனை கட்டத்திலும் ஒரே ஆளை வைத்து டிக் அடித்துவிடலாம். அப்புறம் ஒரு போட்டோ. மைக் முன்னால் அவள் சிரிக்கிறாள். அதன் கீழே 'அதிகாரம் பெற்றாள்' என்று ஒரு வரி.

இந்தத் தொடரைக் கேலி பண்ணிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 1920 ஜனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கர் தொடங்கிய முதல் ஏட்டின் பெயர் 'மூக்நாயக்'. ஊமைகளின் நாயகன். துக்காராமின் பாடலிலிருந்து எடுத்த பெயர். அன்றைய மராத்திப் பத்திரிகை உலகத்தில் தீண்டப்படாதவனின் சொல்லுக்கு ஒரு பத்தி இடம்கூடக் கிடையாது. காசு கொடுத்து விளம்பரம் போடக் கேட்டபோதும் திலகரின் 'கேசரி' மறுத்துவிட்டது. அந்தச் சூழலில் 'ஊமை' என்ற சொல் சாதி இந்துக்களின் மூஞ்சியில் அறைந்த சொல். பேச்சு வராததால் ஊமை ஆனவர்கள் இல்லை, பேச விடாததால் ஊமை ஆக்கப்பட்டவர்கள் என்பதுதான் அதன் பொருள். இதில் சந்தேகமில்லை.

ஆனால் நூறு வருசம் கழித்தும் நாம் அந்த உருவகத்தை அப்படியேதான் தூக்கிக்கொண்டு திரிகிறோம். நம்முடைய கவிதைகளில், துண்டறிக்கைகளில், மேடைப் பேச்சுகளில் 'ஊமைச் சனங்கள்', 'முடமாக்கப்பட்ட சமூகம்', 'குருட்டுத்தனமான ஆதிக்கம்', 'நொண்டிச் சமாதானம்' என்று சரமாரியாக வருகிறது. ஒடுக்குமுறையைக் காட்ட ஊனம் ஒரு குறியாக ஆகிவிடுகிறது. விடுதலை என்றால் ஊமை பேசுவது, குருடு பார்ப்பது, முடம் எழுந்து நடப்பது. அப்படியானால் சேரியில் நிசமாகவே பேச்சு வராமல் இருக்கிற பெண், நிசமாகவே கண் தெரியாத பெண், இந்த விடுதலைக் கதையில் எங்கே போய் உட்காருவாள்? நாளைக்குப் புரட்சி வந்தாலும் அவளுக்குப் பேச்சு வரப்போவதில்லை.

அவளை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஊர்க்காரன் நம்மைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, சாதியைச் சொல்லிக் கூப்பிட்டான் என்று எழுதி எழுதி நாம் ஓய்ந்ததில்லை. சேரிக்குள்ளே நொண்டிச்சி, குருட்டுச்சி, ஊமைச்சி, செவிடி என்றுதானே அவளுக்குப் பேர் ஓடுது? பெத்த ஆத்தா வச்ச பேரு ரேசன் கார்டுல மட்டும் இருக்கும். ஊர் நம்மிடம் பிடுங்கியதை நாம் அவளிடம் பிடுங்கி வைத்திருக்கிறோம். தலித் தன்வரலாறுகளில் இவள் எத்தனை இடத்தில் வருகிறாள், வந்தாலும் எந்த வேலைக்காக வருகிறாள் என்று எண்ணிப் பார்க்கிற வேலையை யாராவது ஒரு மாணவத் தோழர் செய்தால் நல்லது. சமுதாய வானொலி பற்றிப் பேச வந்துவிட்டு இதைச் சொல்வதற்குக் காரணம், 'குரல்' என்கிற சொல்லே இங்கே பிரச்சினைக்குரியது என்பதுதான்.

இன்னொரு பழைய கதையும் உண்டு. ஒலிபரப்பு நமக்குப் புதுசு கிடையாது. ஊரில் வரி கட்டச் சொல்லி, ஏலம் சொல்லி, சாவு சொல்லி, திருவிழா சொல்லிப் பறையடித்தோ தமுக்கடித்தோ தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனது யார்? நம்ம ஆள்தான். சொல்கிற வாய் நம்முடையது, சொல்லப்படுகிற சேதி மணியக்காரனுடையது. நாம் பேசியிருக்கிறோம், நமக்காகப் பேசியதில்லை. தமிழ்நாட்டில் தண்டோராவை நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலாளர் கடிதம் எழுதியது 2022இல்தான். ஒலிபெருக்கியைக் கட்டி அறிவிப்புச் செய்யலாம் என்று அரசாங்கத்துக்குத் தோன்ற அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. தெலுங்குப் பகுதியில் இந்தச் சொல்லையே கையில் எடுத்துத் திருப்பிப் போட்டார்கள். 1994இல் பிரகாசம் மாவட்டத்து ஈதுமூடி கிராமத்தில் மாதிகா இடஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்கியபோது அதற்கு மக்களிடத்தில் நின்ற பெயர் 'தண்டோரா'. அடிமைத் தொழிலாக இருந்த பறையடிப்பு உரிமை கேட்கிற முழக்கமாக மாறியது. இந்தப் போராட்டத்தை நடத்திய மந்தா கிருஷ்ண மாதிகாதான் பிற்பாடு ஊனமுற்றோர் உரிமைப் போராட்ட சமிதிக்கும் தலைமை தாங்கினார் என்பது நம் பக்கத்தில் அவ்வளவாகப் பேசப்படாத செய்தி. உதவித்தொகை கேட்டு ஊனமுற்றவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது ஒரு தலித் இயக்கத்தின் கை. ஊனத்தைக் கருணைக் கணக்கிலிருந்து எடுத்து அரசியல் கணக்கில் எழுதியது என்கிற அளவில் இது முக்கியமான நகர்வு. ஊனமுற்றவர்களுக்கான அரசியலைச் சாதி ஒழிப்பு அரசியலோடு சேர்த்து யோசிக்கிற சாத்தியம் தெலுங்கு மண்ணில் ஏற்கனவே இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அதே மண்ணில்தான் சங்கம் ரேடியோவும் இருக்கிறது. சமுதாய வானொலி பற்றிப் பேசுகிற எல்லோரும் அங்கே போய்த்தான் முடிக்கிறார்கள். நாம் அங்கிருந்து தொடங்கலாம்.

வானலை அரசாங்கத்தின் சொத்தில்லை, பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995 பிப்ரவரி 9 அன்று தீர்ப்புச் சொன்னது. அது கிரிக்கெட் ஆட்டத்தை யார் ஒளிபரப்புவது என்கிற பணக்காரச் சண்டையில் பிறந்த தீர்ப்பு என்பது வேடிக்கை. தீர்ப்பு வந்தும் ஏழு வருசம் கதவு திறக்கவில்லை. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி என்றார்கள். 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் வளாக வானொலி வந்தது. அதாவது, 'சமுதாயம்' என்றால் முதலில் பல்கலைக்கழகம் என்றுதான் அரசாங்கத்துக்குப் புரிந்தது. தொண்டு நிறுவனங்களும் வானொலி நடத்தலாம் என்று விதியை மாற்றியது 2006 நவம்பரில். இத்தனைக்கும் மேதக் மாவட்டம் (இப்போது சங்காரெட்டி) மாச்னூரில் தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் தலித் பெண்கள் அதற்குப் பல வருசம் முன்னாலேயே ஒலிப்பதிவுக் கூடம் கட்டி, நிகழ்ச்சிகளைப் பதிந்து தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அனுமதி இல்லாத காலத்தில் கேசட்டில் பதிந்து, கிராமம் கிராமமாக எடுத்துப்போய்ச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். வானத்தை அடைத்து வைத்திருந்ததால் சேதி மறுபடியும் காலால் நடந்தே போனது. பழைய தண்டோராக்காரனைப் போல.

2008 அக்டோபர் 15 அன்று சங்கம் ரேடியோ 90.4 மெகாஹெர்ட்ஸில் பேச ஆரம்பித்தது. தொடங்கிவைத்தவர் 1995 தீர்ப்பைக் கொடுத்த நீதிபதிகளில் ஒருவரான பி.பி. சாவந்த். ராத்திரி ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை, வயல்வேலை முடிந்து வீடு திரும்பியபின் கேட்கிற நேரம். ஜெனரல் நரசம்மா, அல்கோல் நரசம்மா என்று இரண்டு பெண்கள் அதை நடத்துகிறவர்களாகப் பேர் பெற்றார்கள். விதை, சோளம், தினை, மாடு, மருந்துச் செடி, கல்யாணப் பாட்டு, நாற்று நடுகிற பாட்டு என்று அவர்களுடைய வாழ்க்கையே நிகழ்ச்சியாக வந்தது. இதில் நமக்கு முக்கியமானது மொழி. ஆகாசவாணியின் தெலுங்கு என்பது கடற்கரை ஆந்திரத்து மேல்சாதிப் படிப்பாளியின் தெலுங்கு. தெலங்கானாப் பேச்சு, அதிலும் சகீராபாத் பக்கத்துத் தலித் பெண்ணின் பேச்சு, சினிமாவில் வேலைக்காரிக்கும் ரவுடிக்கும் காமெடியனுக்கும் ஒதுக்கப்பட்டது. அந்தப் பேச்சு மைக் முன்னால் வெட்கப்படாமல் உட்கார்ந்தது. நம்ம ஊர் ரேடியோவில் 'சுத்தத் தமிழ்' உச்சரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டவர்களுக்கு இதன் பெறுமதி புரியும்.

இதே பெண்கள் வீடியோ காமிராவும் கற்றுக்கொண்டார்கள். காமிராக் கோணங்களுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் சினிமாக் கோட்பாட்டுப் புத்தகம் எதிலும் இல்லாதவை. மேலேயிருந்து கீழே பார்க்கிற கோணத்துக்கு 'பட்டேல் ஷாட்'. பண்ணையார் நம்மைப் பார்க்கிற பார்வை அது. கீழேயிருந்து மேலே பார்ப்பது பண்ணையாள் பார்க்கிற பார்வை. கண்ணுக்கு நேர் கண்ணாக வைப்பது 'சங்கம் ஷாட்'. சங்கத்தில் எல்லோரும் தரையில் ஒரே மட்டத்தில் உட்காருகிறார்கள் இல்லையா, அதனால். தொழில்நுட்பத்தில் சாதியும் வர்க்கமும் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. தமிழில் பக்கம் பக்கமாக எழுதுகிற நம்ம சினிமா விமர்சகர்கள் இதைப் படித்திருக்க வேண்டும்.

என்னுடைய கேள்வி இதற்கு அடுத்த படி. போலியோவால் கால் விளங்காமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து போகிற ஒரு பெண்ணை நின்றுகொண்டிருக்கிற ஒரு தலித் பெண் படம் எடுத்தால் அது சங்கம் ஷாட்டா, பட்டேல் ஷாட்டா? நிற்கிறவளின் கண்மட்டத்தைச் சங்கத்தின் மட்டமாக வைத்தால் தவழ்கிறவளுக்கு அது பண்ணையார் மட்டம்தான். கண்மட்டம் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. இது அந்தப் பெண்கள்மேல் வைக்கிற குற்றச்சாட்டு அல்ல. அவர்கள் கண்டுபிடித்த கருவியை எடுத்து இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடிக்கிறோம், அவ்வளவுதான்.

காமிராவுக்கு மட்டம் மாதிரி மைக்குக்கும் ஒரு மட்டம் இருக்கிறது. வட்டார வழக்கை ஏற்றுக்கொண்ட மைக், திக்கித் திக்கிப் பேசுகிறவளை ஏற்றுக்கொள்ளுமா? மூளைமுடக்குவாதம் உள்ள பெண் ஒரு வாக்கியம் பேச முழுசாக ஒரு நிமிசம் எடுக்கலாம். நடுவில் மூச்சு, இழுப்பு, மௌனம். ரேடியோக்காரர்கள் மௌனத்தைச் செத்த நேரம் என்பார்கள். கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டும்போது முதலில் வெட்டப்படுவது அதுதான். 'கேட்கிறவங்களுக்குப் புரியாது' என்று அவள் சொன்னதை வேறொருத்தியின் தெளிவான குரலில் திரும்பச் சொல்ல வைப்பார்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்வார்கள். ஒரு காலத்தில் தலித் சொன்னதை மேல்சாதி எழுத்தாளர் நல்லெண்ணத்தோடு 'திருத்தி' எழுதினார் அல்லவா, அந்த நல்லெண்ணம். குழறலோடு, இழுப்போடு, மௌனத்தோடு ஒரு குரலை ராத்திரி ஏழு மணிக்கு ஊர் முழுக்கக் கேட்க வைத்தால், ஊர் முதல் நாள் சிரிக்கும், பத்தாம் நாள் காதைத் தீட்டிக்கொள்ளும். வட்டார வழக்குக்கும் இப்படித்தான் காது பழகியது.

இனி அறிக்கைகளுக்கு வருவோம். நான் வாசித்தவரை இந்த 'வெற்றிக்கதை' என்கிற எழுத்து வகைக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. முதல் பத்தியில் அவளுடைய ஊனம் விவரிக்கப்படும், டாக்டர் எழுதின சீட்டு மாதிரி. இரண்டாவதில் அப்பன் அடித்தது, மாப்பிள்ளை கிடைக்காதது. மூன்றாவதில் நிறுவனத்தின் பயிற்சி. நாலாவதில் மைக். கடைசியில் 'இப்போது என்னை எல்லோரும் மதிக்கிறார்கள்' என்று அவள் சொன்னதாக மேற்கோள். இந்தக் கதையில் சாதி கிடையாது. இருந்தால் 'பின்தங்கிய சமூகத்தைச் சேர்ந்த' என்று ஒரு அடைமொழி. அவளுக்கு ஏன் போலியோ சொட்டு மருந்து கிடைக்கவில்லை, ஊர்த்தெருவுக்கு வந்த நர்சம்மா காலனிக்குள்ளே ஏன் வரவில்லை, அவள் குடித்த தண்ணி எந்தக் கிணத்துத் தண்ணி என்று கதை கேட்காது. நல்கொண்டா மாவட்டத்தில் தண்ணீரில் ஃபுளூரைடு கலந்து எலும்பு வளைந்துபோகிற நோய் இருப்பது பல காலமாகத் தெரிந்த விசயம். பூமியில் இருக்கிற ஃபுளூரைடுக்குச் சாதி தெரியாது. நல்ல தண்ணீரை லாரியில் வரவழைக்கிற வசதிக்கும், குழாய் எந்தத் தெருவரைக்கும் வந்து நிற்கிறது என்பதற்கும் சாதி தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊனமுற்றவர்கள் மொத்த சனத்தொகையில் 2.21 சதவீதம், அட்டவணைச் சாதிகளில் மட்டும் 2.45 சதவீதம். பார்க்கச் சின்ன வித்தியாசம். ஊனம் விதி என்றோ விபத்து என்றோ சொல்கிறவர்கள் அந்தச் சின்ன வித்தியாசத்துக்குப் பதில் சொல்லட்டும்.

பேர் வைக்கிற அரசியலிலும் ரேடியோவுக்குப் பங்கிருக்கிறது. 2015 டிசம்பரில் பிரதமர் நரேந்திர மோதி 'மன் கீ பாத்' நிகழ்ச்சியில் ஊனமுற்றவர்களை இனிமேல் 'திவ்யாங்' என்று சொல்லலாம் என்றார். தெய்வீக உறுப்பு உடையவர்கள். ஆகாசவாணி வழியாக, உண்மையிலேயே ஆகாசத்திலிருந்து வந்த பெயர். ஊனமுற்றோர் அமைப்புகள் பல எதிர்த்தன, அரசாங்கம் இலாகாவுக்கே அந்தப் பெயரை வைத்தது. இதைக் கேட்டதும் நமக்கு 'ஹரிஜன்' ஞாபகம் வராமல் இருக்குமா? கோயிலுக்குள்ளே விடாதவனுக்குக் கடவுளின் பிள்ளை என்று பேர். பஸ்ஸில் ஏற முடியாதவளுக்குத் தெய்வீக உடம்பு என்று பேர். இரண்டிலும் சம்பந்தப்பட்டவரைக் கேட்கவில்லை, இரண்டிலும் உரிமை இருக்கவேண்டிய இடத்தில் கடவுள் வந்து உட்கார்ந்துகொண்டார். தமிழ்நாட்டில் 2010இல் தி.மு.க. அரசு 'மாற்றுத்திறனாளி' என்று அறிவித்தது. அதில் சாமி இல்லை என்பது ஆறுதல். இருந்தாலும் மாற்றுத்திறன் ஒன்றைக் காட்டினால்தான் மனுசி என்கிற நெருக்கடி அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு திறமையும் இல்லாமல் சும்மா கிடக்கிற உரிமை மற்றவர்களுக்கு மாதிரி அவளுக்கும் உண்டு. இந்தக் கட்டுரையில் நான் 'ஊனமுற்ற பெண்கள்' என்றே எழுதுகிறேன். ஊனமாக்கப்பட்டவர்கள் என்கிற பொருளும் அதில் கேட்கிறது என்பது ஒரு காரணம்.

சரி, மைக் கிடைத்துவிட்டது. எதைப் பேசலாம்? இங்கேதான் 'அதிகாரமளித்தல்' என்கிற சொல்லின் சாயம் வெளுக்கிறது. இந்தியாவில் சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தியும் நடப்பு விவகாரங்களும் ஒலிபரப்பக் கூடாது. ஆகாசவாணிச் செய்தியை வாங்கி அப்படியே போடலாம். இதை எதிர்த்து 'காமன் காஸ்' அமைப்பு 2013இல் உச்சநீதிமன்றம் போனது. அரசாங்கத்தின் வாதம் பாதுகாப்பு. நூறு வாட் டிரான்ஸ்மிட்டர், பத்துப் பதினைஞ்சு கிலோமீட்டர் தாண்டாத அலை; அதில் நரசம்மா செய்தி வாசித்தால் தேசத்துக்கு ஆபத்து.

ஊனமுற்ற பெண்ணுக்கு இந்தத் தடை எப்படி வேலை செய்யும் என்று பாருங்கள். தெலங்கானாவில் ஊனமுற்றோர் உதவித்தொகை 2014இல் 1,500 ரூபாயாக்கப்பட்டது, 2019இல் 3,016 ஆனது, 2023இல் 4,016 ஆனது. வாங்க வேண்டுமென்றால் மருத்துவ முகாமுக்குப் போய் 40 சதவீத ஊனம் என்று சான்றிதழ் வாங்கவேண்டும். சாதிக்கு ஒரு சான்றிதழ், ஊனத்துக்கு ஒரு சான்றிதழ், இரண்டுக்கும் ஆபீசு படி ஏறவேண்டும். ஏற முடியாது என்பதற்குத்தானே சான்றிதழ் கேட்கிறாள் என்று எந்த ஆபீசருக்கும் உறைப்பதில்லை. இப்போது ஒருத்தி மைக் முன்னால் உட்கார்ந்து 'உதவித்தொகை வாங்க இன்ன இன்ன காகிதம் வேணும்' என்று சொன்னால் அது விழிப்புணர்வு, அனுமதி உண்டு. 'மூணு மாசமா எனக்குப் பணம் வரல, கேட்டா வெரட்டுறாங்க' என்று சொன்னால் அது செய்தி. நடப்பு விவகாரம். அவளுடைய அனுபவம் முழுக்க முழுக்க நடப்பு விவகாரமாக இருக்கும்போது மிச்சம் என்ன பேசுவது? நெகிழ்ச்சியாகத் தன் கதையைப் பேசலாம். தன்னம்பிக்கை பேசலாம். பாட்டுப் பாடலாம். 'குரலற்றவர்களுக்குக் குரல்' என்பது நடைமுறையில் பழைய தண்டோரா மாதிரியே ஆகிவிடுகிறது; வாய் அவளுடையது, சேதி திட்டத்தினுடையது.

உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்பதும் சின்ன விசயமில்லை. தனியாளுக்குக் கிடையாது, கட்சிக்குக் கிடையாது. பதிவு பெற்ற அமைப்பு, குறைந்தது மூன்று வருசம் வேலை செய்திருக்க வேண்டும் என்றெல்லாம் விதி. இன்று நாட்டில் ஏறக்குறைய ஐந்நூறு சமுதாய வானொலிகள் இருக்கின்றன, பெரும்பாலும் கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்துகிறவை. மாச்னூரில் சங்கத்துப் பெண்களின் கை ஓங்கி இருந்தது என்பதை மறுக்கவில்லை. அங்கேயும் 2023 மார்ச்சில் மறைந்த பி.வி. சதீஷ் மாதிரி முன்னாள் தூர்தர்சன்காரர் ஒருவரின் அறிவும் தொடர்பும் இல்லாமல் இது நடந்திருக்குமா என்று கேட்க இடமிருக்கிறது. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஐயாயிரம் பெண்கள் எழுபத்தைந்து கிராமங்களில் கட்டிய சங்கமே விண்ணப்பப் படிவத்துக்கு ஒரு நிறுவனத்தின் முத்திரையை நம்பியிருக்க வேண்டியிருந்தது என்றால், வீட்டுத் திண்ணையைத் தாண்டாத ஊனமுற்ற பெண்களுக்கு எந்த முத்திரை?

காது கேளாதவர்களைப் பற்றி யாருமே பேசுவதில்லை. சமுதாய வானொலியால் ஊனமுற்ற பெண்கள் அதிகாரம் பெறுகிறார்கள் என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறவர்கள் எந்த ஊனம் என்று சொல்லிவிட்டு எழுதவேண்டும். 2011 கணக்குப்படி நாட்டில் 2 கோடியே 68 லட்சம் ஊனமுற்றவர்களில் காது கேளாதவர்கள் சுமார் 51 லட்சம், பேச்சு வராதவர்கள் சுமார் 20 லட்சம். நாலில் ஒருவருக்கு மேல். இவர்களுக்கு ரேடியோ ஒரு பேசாத பெட்டி. படித்தாவது தெரிந்துகொள்ளலாம் என்றால் ஊனமுற்ற பெண்களில் எழுத்தறிவு 45 சதவீதம்தான். படிக்கத் தெரியாத கண்பார்வையற்ற பெண்ணுக்கு, நடமாட முடியாமல் வீட்டில் கிடக்கிற பெண்ணுக்கு, ரேடியோவைவிட நல்ல சாதனம் இல்லை என்பதும் இதே கணக்கிலிருந்து தெரிகிறது. ஒருத்திக்குக் கதவாக இருக்கிறது, இன்னொருத்திக்குச் சுவராக இருக்கிறது. நிகழ்ச்சி பதிகிற இடத்தில் ஒரு வீடியோவும் எடுத்து, சைகையில் சொல்லத் தெரிந்த ஒருத்தியைப் பக்கத்தில் நிறுத்துவதற்குப் பெரிய காசு வேண்டாம். மாச்னூர்ப் பெண்கள் காமிராவும் மைக்கும் இரண்டையும் பழகியவர்கள் என்பதால் அங்கே அது எளிதாகவே முடியும். 'குரல்' என்கிற சொல்லை விடுதலையின் ஒரே சின்னமாக வைத்திருக்கிற வரை அப்படி யோசிக்கத் தோன்றாது.

குரலைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் காதைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் கடைசிப் புகார். 2021 ஏப்ரல் 27 அன்று உச்சநீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. 2011இல் ஆந்திரத்தில் நடந்த குற்றம். பிறவியிலேயே கண் தெரியாத ஒரு தலித் பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். செய்தவன் வீட்டுக்கு வந்துபோய்ப் பழகியவன். அவள் அவனைக் குரலை வைத்து அடையாளம் சொன்னாள். பார்க்க முடியாதவள் எப்படி அடையாளம் சொல்வாள் என்கிற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. கண்ணால் பார்த்துச் சொல்வதற்கு இருக்கிற மதிப்பு அவள் காதால் கேட்டுச் சொன்னதற்கும் உண்டு என்றது. ஆயுள் தண்டனை உறுதியானது. சாதி, பெண், ஊனம் மூன்றும் ஒரே உடம்பில் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று நீதிபதி சந்திரசூட் விரிவாக எழுதினார். ஊனமுற்ற பெண்களின் சாட்சியம் பலவீனமானது என்று நினைக்கிற வழக்கத்தைக் கண்டித்தார்.

அதே தீர்ப்பில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் கீழ்நீதிமன்றங்கள் கொடுத்த தண்டனை ரத்தானது. குற்றம் நடந்தபோது இருந்த சட்டப்படி, அவள் தலித் என்கிற காரணத்துக்காகவே செய்தான் என்று நிரூபிக்க வேண்டும். அதற்குத் தனிச் சாட்சியம் இல்லை என்றார்கள். தலித் என்று தெரிந்திருந்தாலே போதும் என்று சட்டம் மாறி நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரியில். மூன்றும் பின்னிக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு, அதில் ஒரு இழையை மட்டும் பிரித்தெடுத்து இதற்குச் சாட்சி எங்கே என்று கேட்க வேண்டிய நிலையில் சட்டம் இருந்திருக்கிறது. இதற்கிடையில் 2016இல் வந்த ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, பொது இடத்தில் ஊனமுற்றவரை வேண்டுமென்றே அவமானப்படுத்துவதைக் குற்றமாக்கியது. வாசகத்தைப் படித்தால் நம்ம வன்கொடுமைச் சட்டத்தின் வாசகம் மாதிரியே இருக்கும். சேரியில் 'ஏ நொண்டிச்சி' என்று கூப்பிடுகிறவன்மேல் அந்தப் பிரிவு பாயுமா என்று நம்ம வக்கீல் தோழர்கள் எழுதலாம்.

அந்தப் பெண் பேசியதால் அவளுக்குக் கிடைத்தது பாதி நியாயம். அதற்கும் பத்து வருசம் ஆனது. அவள் குரலற்றவளாக ஒரு நாளும் இருந்ததில்லை; யார் குரல் எது என்று துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தவள் அவள்தான். தீர்ப்பில் நீதிபதி எழுதியதை அவள் பேசுகிற தெலுங்கில், காதால் கேட்கிற வடிவத்தில், எந்த வானொலியாவது பதிந்து ஒரு ராத்திரி ஏழு மணிக்குப் போடலாம். தீர்ப்பு வாசிப்பது செய்தியா, விழிப்புணர்வா என்று டெல்லியிலிருந்து கடிதம் வந்தால் வரட்டும்.